ஐ.இ. என்றால் அவ்வளவுதான்

தம்பியை வேலையிலிருந்து நீக்கப்போவதாகச் சொல்லும் குற்றச்சாட்டுத் தாள் கைக்கு வந்ததும் அக்கா முதலில் செய்த காரியம், அதில் எத்தனை பிழை என்று எண்ணியதுதான். ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை மையில் கோடு போட்டு முடித்த பிறகுதான் அழுதாள். அதுவும் இரண்டு நிமிஷம். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்ததில் பத்தாவது பிழையும் அகப்பட்டது.

பிறவிக் குணம், யார் என்ன செய்ய முடியும். பதினான்கு வருஷமாக அந்த அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள் அவள். அங்கே அச்சாவது பெரும்பாலும் இங்கிலீஷ்: மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள், தண்ணீர்ப் பம்பு வாங்கினால் கூடவே வருகிற கையேடு, கம்பெனிகளின் ஆண்டறிக்கை. எதிரில் இருந்தால் எல்லோரும் 'அக்கா' என்பார்கள். முதுகைத் திருப்பினால் 'பச்சை மை'. உலகமெல்லாம் சிவப்பில் திருத்த இவள் மட்டும் பச்சைக்கு மாறியதற்குக் காரணம் மேனேஜர். அவர் கையெழுத்துப் போடுவது சிவப்பில். அவர் தொட்டதை இவள் தொட மாட்டாள்.

மேனேஜருக்கு அச்சகத்தில் வழங்கும் பெயர் எக்செட்ரா. அவர் கைபட்ட எந்தத் தாளும் அந்தச் சொல் இல்லாமல் முடிந்ததில்லை. 'ஊழியர்கள் நேரத்துக்கு வரவும், எக்செட்ரா.' 'கழிப்பறையில் தண்ணீர் ஊற்றவும், எக்செட்ரா.' வாட்ச்மேன் இறந்துபோனபோது, 'அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும், எக்செட்ரா' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். சாந்தி அடைந்த பிறகு அந்த ஆன்மா இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தாரோ தெரியாது. யோசிக்கச் சோம்பல் வந்த இடத்திலெல்லாம் அந்த ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா, அந்த ஜாதி.

அக்காவுக்கு அது ஆகாது. லத்தீன்காரன் விட்டுப்போன துண்டு துணுக்குகளை இங்கிலீஷ்காரன் பொறுக்கியெடுத்து, சுருக்கி, புள்ளி வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனிடமிருந்து நாம் இரவல் வாங்கினோம். இரவல் நகையைப் போட்டுக்கொள்கிறவள் அதை மற்றவர்களைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பது அவள் கட்சி. அகராதியின் பின்பக்கம் அந்தச் சுருக்கங்களுக்கென்று பதினாறு பக்கம் உண்டு. அதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். மேனேஜர் 'அண்ட் எக்செட்ரா' என்று எழுதினால், 'எட் என்றாலே நம்முடைய உம் தான். அதற்கு முன்னால் இன்னொரு அண்ட் எதற்கு? நடு சென்டரா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்புவாள். அந்த உச்சரிப்பும் 'எக்' இல்லை, 'எட்' என்று ஒரு முறை துண்டுச்சீட்டு அனுப்பினாள். அவர் அவளுடைய விடுமுறை விண்ணப்பத்தை மூன்று வாரம் மேஜை இழுப்பறையில் வைத்திருந்து, விடுமுறை நாள் கழிந்த மறுநாள் அனுமதித்தார்.

இப்படி எட்டு வருஷம். இருவர் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுமே. அவர் இருமினால் இவள் மேஜையில் பென்சில் ஆடும். ஆனாலும் வாய் திறந்து பேசிக்கொள்வது கிடையாது. எல்லாம் தட்டில் வைத்துப் போகும் தாள்கள் வழியாகத்தான். அவர் எழுதுவார், இவள் அடிப்பாள். தாளில் அந்தச் சொல் எங்கே தென்பட்டாலும் பச்சைப் பேனா தானாகப் போய் அதன் குறுக்கே விழும். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். காலையில் முதல் எக்செட்ராவை அடித்த பிறகுதான் அவளுக்கு டீ இறங்கும்.

தம்பி அதே அச்சகத்தில் இரண்டாம் நம்பர் மெஷினில் வேலை பார்க்கிறவன். அக்கா சொல்லித்தான் சேர்த்தார்கள். பதினாறு நாளைக்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீல மையை மாற்றிச் சிவப்பு மை போட வேண்டியிருந்தது. மை மாற்றும்போது ரோலர்களைத் துடைத்தாக வேண்டும். மெஷினை மெதுவாக ஓடவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியை ரோலர்மேல் வைத்துப் பிடித்தான். துணியின் ஓரம் இரண்டு ரோலருக்கு நடுவில் சிக்கியது, துணியோடு கை போனது. வலது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்காது.

குற்றச்சாட்டு இதுதான்: ஏழாம் எண் பாதுகாப்பு விதியை மீறி, மெயின் சுவிட்சை அணைக்காமல் மெஷினைத் துடைத்தான், ஆகவே வேலைநீக்கம் ஏன் செய்யக் கூடாது என்று புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணையில் வந்து சொல்ல வேண்டும். தம்பிக்கு ஒரு கையும் போய் வேலையும் போனால் வேறு எவன் சேர்ப்பான். பெரியவள் பள்ளிக்கூடத்தில், சின்னது இன்னும் தவழ்கிறது. அவன் மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள், அதுவும் வந்தால் உண்டு.

அந்த விதித் தாள் போன வருஷம் அச்சானது. சோதனைக்கு வந்த அதிகாரி, பாதுகாப்பு விதிகளை இங்கிலீஷில் அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் எழுதினார், அக்கா புரூஃப் பார்த்தாள், மெஷின் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. 'ஐ.இ.' என்கிற லத்தீன் சுருக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு ஏழாம் விதியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஆபத்தான பாகங்களை, ஐ.இ. பிளேடு, கிளாம்ப், கிரிப்பர் ஆகியவற்றை, துடைக்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.'

அக்கா மெஷின் ஹாலுக்குப் போய், கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை மூன்று தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. ரோலரை அந்த வரியில் காணோம்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தான். அவன் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"ஐ.இ.ன்னா என்னன்னு தெரியுமாடா?" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

"நீதான சொன்ன, 'அதாவது'ன்னு."

"அதேதான். அதாவதுன்னு சொல்லிட்டு மூணு பேரு போட்டா, அந்த மூணுதான் கணக்கு. நாலாவது கிடையாது. ரோலர் அதுல இல்ல. நீ விதிய மீறவே இல்லடா."

"நான்தான் அப்பவே சொன்னேனே. போன வருஷம் அந்தத் தாள நீதானே படிச்சுக் காட்டின. அதுல இருந்தபடிதான் செஞ்சேன்."

உண்மை. தம்பிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அதற்கு மேல் ஓடாது. விதித் தாளில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அக்காதான் அவனுக்குத் தமிழில் சொன்னாள். அவன் பயந்த சுபாவக்காரன். விதி என்றால் விதி. பிளேடையோ கிரிப்பரையோ தொடுவதாக இருந்தால் அந்தக் கோடிச் சுவர்வரை இருபது அடி நடந்து போய் மெயினை அணைத்துவிட்டு வருவான். மற்றவர்கள் அவனை 'மெயின் மாப்பிள்ளை' என்று கேலி செய்வார்கள், அவன் கண்டுகொண்டதே இல்லை.

"அண்ணி, இது நிக்குமா?" என்றாள் தம்பி மனைவி. "ஒரு எழுத்த வச்சு வேலைய காப்பாத்த முடியுமா?"

"ரெண்டு எழுத்து, ரெண்டு புள்ளி," என்றாள் அக்கா. "அந்த ஆளு எழுதின எழுத்தாலயே அந்த ஆள அடிக்கிறேன், பாரு."

அவள் அன்று தம்பிக்காகச் சந்தோஷப்பட்டாளா, எக்செட்ராவைக் கவிழ்க்க வழி கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டாளா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் கலந்துதான் இருந்தன. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். விரல் போன தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறவள் முணுமுணுக்கிற காரியமா அது.

விசாரணைக்கு முந்தின நாள் மாடிப்படியில் மேனேஜர் எதிரே வந்தார். ஒதுங்க இடமில்லை.

"உங்க தம்பிக்காக நீங்கதான் பேசப்போறீங்களாமே," என்றார்.

"ஆமா. கூட வேலை பாக்கறவங்க பேசலாம்னு இருக்கு."

"அந்த விதி உங்க கை பட்டுத்தானே அச்சுக்குப் போச்சு?"

"ஆமா. அதனாலதான் அதுல பிழை இல்லாம இருக்கு."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். பயந்துவிட்டார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

விசாரணை முதலாளியின் கூட்ட அறையில் நடந்தது. நீளமேஜை, அதன் மேல் கண்ணாடி, மூலையில் ஏசி சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள். வயதானவர், நிதானமானவர், ஆனால் லத்தீன் வாசனை இல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்க முடியாதவர்.

"இது எக்ஸ் பார்ட்டி விசாரணை இல்ல," என்று ஆரம்பித்தார். "ரெண்டு பக்கமும் தாராளமா பேசலாம்."

"பார்ட்டி யாருக்குக்கா?" என்று தம்பி காதில் கேட்டான்.

"ஒரு பக்கத்த மட்டும் கேட்டு முடிவு பண்ண மாட்டேன்னு சொல்றாரு. சும்மா இரு."

முதலில் மேனேஜர் குற்றச்சாட்டைப் படித்தார். பிறகு அக்கா எழுந்தாள். அகராதியைக் கொண்டுவந்திருந்தாள், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அகராதி. விதித் தாளின் பிரதி ஒன்றை வக்கீல் முன்னால் வைத்தாள்.

"ஐயா, ஐ.இ. வேற, இ.ஜி. வேற. இ.ஜி.ன்னா 'எடுத்துக்காட்டா'. அதுக்குப் பின்னாடி மூணு பேரு வந்தா, இன்னும் முப்பது இருக்கலாம். ஐ.இ.ன்னா 'அதாவது'. அதுக்குப் பின்னாடி வர்றது மட்டும்தான். நம்ம தமிழ்லயே 'ஆகிய'ன்னு ஒண்ணு இருக்கு, 'முதலிய'ன்னு ஒண்ணு இருக்கு. 'பிளேடு, கிளாம்ப், கிரிப்பர் ஆகியவை'ன்னா கதவ சாத்தியாச்சு. 'முதலியவை'ன்னா கதவு தொறந்திருக்கு. இந்த விதி கதவ சாத்தின விதி. ரோலர் வெளியில நிக்குது."

"இதெல்லாம் வார்த்தை விளையாட்டு சார்," என்றார் மேனேஜர். "ஐ.இ.யோ இ.ஜி.யோ, ரெண்டும் ஒண்ணுதான். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. ரோலர் ஆபத்துன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் எழுதல?" என்றாள் அக்கா.

வக்கீல் அகராதியைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா சொல்றது பிரைமா ஃபேஸி சரிதான்," என்றார். "எழுதின விதிய வச்சுத்தான் தண்டிக்க முடியும், மனசுல நினைச்ச விதிய வச்சு முடியாது."

தம்பி 'முதல் பார்வைக்கு' என்ற அந்த லத்தீனை விட்டுவிட்டு, 'சரிதான்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். பதினெட்டு நாளில் முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவள் எக்செட்ராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் தோல்வி எப்படி இறங்குகிறது என்று ரசிப்பதற்காக.

தோல்வி இறங்கவில்லை. மேனேஜர் மேஜைக்கடியிலிருந்து ஒரு கோப்பினை எடுத்தார்.

"மனசுல நினைச்சது இல்ல சார். எழுதித்தான் இருந்தேன். இது நான் எழுதினதோட முதல் புரூஃப்."

மங்கலான தாள். ஏழாம் விதி இருந்தது. பிளேடு, கிளாம்ப், கிரிப்பர். அதற்குப் பிறகு எக்செட்ரா. அந்தச் சொல்லின் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு, கோட்டின் முனையில் நீக்கக் குறியான சுழி. சுழி அழகாக, அலட்சியமாக விழுந்திருந்தது.

அக்காவுக்கு அது நினைவில்லை. முடிவெட்டுகிறவன் எந்த மயிரை எப்போது வெட்டினேன் என்று நினைவு வைத்துக்கொள்வானா. ஒரு வாரத்துக்கு நூறு எக்செட்ரா அடிக்கிறவள். ஆனால் சுழி அவளுடையது. அந்தச் சுழியைப் பார்த்ததும், அந்தக் காலை அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது அச்சடித்த மாதிரி தெரிந்துவிட்டது. 'ஐ.இ. போட்டவன் எதற்கு எக்செட்ரா போடுகிறான்? இரண்டும் ஒரே வரியில் எப்படி வரும்?' என்று சிரித்திருப்பாள். ஐ.இ. தப்பா, எக்செட்ரா தப்பா என்று தடுப்பைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அரை நிமிஷம். கேட்கவில்லை. எது தப்பு என்று முடிவு செய்ய அவளுக்கு அவருடைய உதவி தேவைப்படவில்லை.

வக்கீல் தாளை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார்.

"அம்மா, இது சிக்கலான இடம். இந்தக் கோடு கைத்தவறா விழுந்ததுன்னா, அதுக்கு மதிப்பு இல்ல. மேனேஜர் எழுதின மூலம்தான் விதி. அதுல இந்தச் சொல் இருக்கு, ரோலரும் உள்ள வந்துடும், உங்க தம்பி விதிய மீறினவரு. ஆனா திருத்த அதிகாரம் உள்ளவங்க யோசிச்சுத் திருத்தினதுன்னா, அச்சான விதிதான் விதி. உங்க தம்பி தப்பிச்சாரு. அப்ப கேள்வி வேற ஒருத்தரப் பாத்து வரும். எது?"

ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.

"கைத்தவறாத்தான் சார் இருக்கும்," என்றார் மேனேஜர் இனிப்பாக. "ஒரு நாளைக்கு நூறு தாள் பாக்கறவங்க. பேனா வழுக்கியிருக்கும். அத நாங்க பெருசு பண்ணப்போறதில்ல."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். தலையை ஆட்டினால் போதும், அவள் வேலைக்கு ஆபத்தில்லை, தம்பிதான் போவான். அதோடு பச்சை மைக்கும் கை வழுக்கும் என்று எழுத்தில் பதிவாகி, ஆயுசு முழுக்க அந்தக் கோப்பு எக்செட்ராவின் அலமாரியில் இருக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கத் தெரிந்த மனுஷன்தான், விதி மட்டும் எழுதத் தெரியாது.

"எனக்குக் கைத்தவறு வராது," என்றாள் அக்கா.

"புரியல," என்றார் வக்கீல்.

"வேணும்னேதான் அடிச்சேன். யோசிச்சு அடிச்சேன். திருத்தற அதிகாரம் என்கிட்டத்தான் இருந்துது. அச்சானது என் வார்த்தை. அத எந்தம்பிக்குப் படிச்சுச் சொன்னதும் நான்தான்." எதிரே திறந்து கிடந்த அகராதியை இழுத்து மூடினாள். "அவன் கேட்டான். வேற ஒண்ணுமில்லையாக்கான்னு கேட்டான். ஐ.இ.ன்னா அவ்வளவுதாண்டான்னு சொன்னேன். எழுதிக்குங்க."

வக்கீல் எழுதிக்கொண்டார். தம்பி மட்டும் யாரையும் பார்க்காமல் கட்டுப்போட்ட தன் கையை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விசாரணையில் பாதி புரியவில்லை. இந்தக் கடைசிப் பகுதி முழுக்கப் புரிந்தது, அது தமிழில் இருந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது அவன் இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முன்னால் போனான். அக்கா அவன் தோளைத் தொடப் போனாள். அவன் ஒரு படி வேகமாக இறங்கிவிட்டான். கீழே காத்திருந்த மனைவியிடம், "வேலை இருக்கு. வா போலாம்," என்றான். அவள் அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள், கும்பிடாத குறை. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அக்காவும் அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்புச் சிரித்துத் தொலைத்தாள்.

தம்பிக்கு வேலை நிலைத்தது. மெஷினிலிருந்து எடுத்துக் கட்டுக் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள், ஒரு கையால் முடிகிற வேலை. அக்காவுக்கு விசாரணை தேவைப்படவில்லை, ஒப்புக்கொண்டது ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்து மேனேஜர் புரூஃப் அறைக்குள் வந்தார். எட்டு வருஷத்தில் அவர் அந்த வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த தாளை மேஜைமேல் வைத்தார்.

"பிழை இருந்தா திருத்திட்டு கையெழுத்துப் போடுங்க," என்றார்.

வேலைநீக்க உத்தரவு. காரணம் என்ற இடத்தில், 'கவனக்குறைவு, ஐ.இ. கேட்காமல் ஒரு சொல்லை நீக்கியது, எக்செட்ரா' என்று இருந்தது.

"நீங்க அன்னிக்கு இந்தத் தடுப்ப ஒரு தட்டு தட்டியிருந்தா, ரோலர்னு நானே சொல்லியிருப்பேன்," என்றார் மேனேஜர்.

"நீங்க ரோலர்னு எழுதியிருந்தா, நான் தட்டவே வேண்டியிருந்திருக்காது."

"எழுதறதெல்லாம் அடிக்கறதுக்குன்னே ஒருத்தர் உக்காந்திருந்தா யாருக்கு சார் முழுசா எழுதத் தோணும்?" கோபத்தில் அவருக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. "எட்டு வருஷம். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையக்கூட நீங்க விடல. பச்சை மைல திருப்பி அனுப்புனீங்க."

"அதுல மாப்பிள்ளை பேரு தப்பா இருந்துது."

"இருந்துது," என்றார் அவர். "ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்."

அவள் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தாள். கை பழக்கத்தில் நேராக அந்தக் கடைசிச் சொல்லுக்குப் போயிற்று. ஐ.இ.யும் எக்செட்ராவும் மறுபடி ஒரே வரியில். இரண்டில் ஒன்று தப்பு. எது என்று யோசித்தாள். ஒரு சொல்லை நீக்கியது மட்டும்தான் அவள் செய்ததா? அதை நீக்கும்போது சிரித்தது இருக்கிறது. தடுப்பைத் தட்டாதது இருக்கிறது. தம்பி கேட்டபோது சொன்ன பதில் இருக்கிறது. பாட்டை முணுமுணுத்தது இருக்கிறது. அவள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் கோடு விழுகிறதா என்று எட்டிப் பார்த்தார், விழவில்லை என்றதும் தாளை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அதில் ஏனோ திருப்தி இல்லை.

அன்று நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தையல் மெஷின் சத்தம் இல்லை. கதவைத் தட்டியதும் தம்பியே திறந்தான், இடது கையால், பாதி மட்டும். உள்ளே அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. 'அண்ணி' என்றும் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னை எடுத்துட்டாங்கடா," என்றாள் அக்கா.

"கேள்விப்பட்டேன்."

"நான் அன்னிக்கு கேட்டிருக்கணும். தெரியாம பண்ணிட்டேன்டா."

"தெரிஞ்சு பண்ணேன்னுதான அங்க சொன்ன."

எதையும் ஒரு சொல்லில் திருத்தத் தெரிந்தவளுக்கு இதைத் திருத்த ஒரு எழுத்தும் அகப்படவில்லை. தம்பி கதவைப் பிடித்தபடியே நின்றான். போகச் சொல்லவுமில்லை, வரச் சொல்லவுமில்லை.

"வேற ஒண்ணுமில்லையாக்கா?" என்றான்.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை, விதித் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டானே, அதே கேள்வி, அதே குரல்.

"இருக்குடா," என்றாள். "நெறைய இருக்கு."

"அப்ப எழுதிக் குடு," என்றான் தம்பி. "வேற யாரையாவது வச்சுப் படிச்சுக்கறேன்."

கதவைச் சாத்தினான். ஒரு கை என்பதால் தாழ்ப்பாள் போட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அதுவரைக்கும் அவள் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.